பாஸ்டன் குண்டுவெடிப்பில் மருத்துவமனை போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோரும் பிழைத்தது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் 260 பேருக்கு மேல் காயம்பட்டும், மருத்துவமனைக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று படித்திருக்கிறீர்கள். அது உண்மையா என்பது முதல் கேள்வி. உண்மையென்றால் அதற்குக் காரணம் அதிர்ஷ்டமா, அமெரிக்கப் பணமா என்பது இரண்டாவது. கடைசியாக, போகிற போக்கில், "பக்கத்தில் நிற்கும் என்னைப் போன்ற சாதாரண ஆளால் அப்போது ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புவது இந்த மூன்றாவதைத்தான் என்று நினைக்கிறேன். நான் விபத்து அறுவை சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக இருப்பவன். நான் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் லாரிச் சக்கரத்தில் சிக்கிய கால்களும் பைக் விபத்துகளும்தான். பாஸ்டன் பற்றிச் சொல்வது, அன்று அங்கே சிகிச்சை தந்தவர்கள் பின்னால் எழுதி வைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டது. குண்டாக இருந்தாலும் லாரியாக இருந்தாலும் ரத்தம் வெளியேறும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் துணிந்து பதில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: ஆம், உண்மை. 2013 ஏப்ரல் 15, திங்கட்கிழமை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'பேட்ரியட்ஸ் டே' விடுமுறை. பாய்ல்ஸ்டன் தெருவில் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் பிற்பகல் 2:49க்கு முதல் குண்டு வெடித்தது. சுமார் 12 விநாடி கழித்து, அதே தெருவில் இருநூறு மீட்டருக்குள் இரண்டாவது. முதலிடம் பிடித்தவர்கள் எல்லாம் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் முன்பே ஓடி முடித்துவிட்டார்கள். கடிகாரம் 4 மணி 9 நிமிடத்தைத் தாண்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வந்துகொண்டிருந்தவர்கள் சாதாரண ஓட்டக்காரர்கள். கைதட்ட நின்றவர்கள் அவர்களுடைய வீட்டார். மூன்று பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். அதில் ஒரு பையனுக்கு வயது எட்டு. குறைந்தது 16 பேர் காலை இழந்தார்கள். காயம்பட்டவர்கள் 264 என்று ஓரிடத்திலும் 280க்கு மேல் என்று இன்னோரிடத்திலும் படித்திருப்பீர்கள். இதில் மர்மம் எதுவும் இல்லை. காது இரைகிறது, சரியாகக் கேட்கவில்லை என்று சிலர் நாள்கள் கழித்துத்தான் மருத்துவரிடம் போனார்கள். எந்தத் தேதிவரை, எந்தக் காயம்வரை கணக்கில் சேர்ப்பது என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. ஆனால் அந்தத் தெருவிலிருந்து உயிரோடு மருத்துவமனை வாசலைத் தொட்ட எல்லோரும் பிழைத்தார்கள் என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதிர்ஷ்டம் இருந்தது, நிறையவே இருந்தது. அதை மறைத்துவிட்டு வெறும் திறமைக்கதையாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும். குண்டு திறந்த வெளியில் வெடித்தது. இது மிகப் பெரிய விஷயம். வெடிப்பினால் வரும் காயங்களை நாங்கள் வகை பிரித்துப் பார்ப்போம்: காற்றழுத்த அலை நேரடியாகச் செய்யும் சேதம், சிதறி வரும் ஆணியும் இரும்பும் செய்யும் சேதம், உடல் தூக்கி எறியப்படுவதால் வருவது, தீக்காயம் முதலான மற்றவை. அழுத்த அலைதான் நுரையீரலைக் கிழிக்கும், குடலைக் கிழிக்கும். வெளியே கீறல்கூட இல்லாமல் ஆள் போய்விடுவார். மூடிய இடத்தில் அந்த அலை சுவரில் மோதித் திரும்பத் திரும்ப வந்து தாக்கும். இஸ்ரேலில் நடந்த குண்டுவெடிப்புகளை ஒப்பிட்டு 1996இல் வெளியான ஓர் ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது: திறந்த வெளியில் வெடித்தபோது பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் இறந்தார்கள், பேருந்துக்குள் வெடித்தபோது கிட்டத்தட்டப் பாதிப்பேர். பாஸ்டனில் பிரஷர் குக்கருக்குள் திணிக்கப்பட்டிருந்தது பட்டாசு மருந்து வகையைச் சேர்ந்தது, ராணுவ வெடிமருந்து அல்ல. அதோடு குக்கர்கள் முதுகுப்பையில் தரையில் வைக்கப்பட்டிருந்தன. ஆணிகளும் இரும்புமணிகளும் இடுப்புக்குக் கீழேதான் அதிகம் பாய்ந்தன. கால் போனது, நெஞ்சும் தலையும் பெரும்பாலும் தப்பின.

இன்னும் உண்டு. முடிவுக்கோட்டை ஒட்டியே பெரிய மருத்துவக் கூடாரம் இருந்தது. தசைப்பிடிப்பு, நீரிழப்பு, கொப்புளம் என்று ஓட்டக்காரர்களைக் கவனிக்கப் போட்ட கூடாரம்தான், ஆனால் உள்ளே டாக்டர்களும் நர்சுகளும் நிறைய இருந்தார்கள். ஆம்புலன்ஸ்கள் பக்கத்திலேயே நின்றன. விடுமுறை நாள் என்பதால் முன்பே தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன்கள் குறைவு. ஆபரேஷன் தியேட்டர்கள் காலியாகக் கிடைத்தன. மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்ததால் மருத்துவமனைகளில் ஷிஃப்ட் மாறும் வேளை. போக வேண்டியவர்கள் கிளம்பவில்லை, வர வேண்டியவர்கள் வந்துவிட்டார்கள். பலத்த காயங்களுக்கு உயர்தரச் சிகிச்சை வசதி கொண்ட பல மருத்துவமனைகள் அதே நகருக்குள், சில கிலோமீட்டர் தூரத்தில். இதே குண்டு அதிகாலை மூன்று மணிக்கு, சின்ன ஊர் ஒன்றில், ஒரு ரயில் பெட்டிக்குள் வெடித்திருந்தால் நாம் வேறு கணக்கைப் பேசிக்கொண்டிருப்போம்.

ஆனால் அதிர்ஷ்டம் பாதிதான். மீதியை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பெரிய விபத்து ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்று கேசுவாலிட்டியில் நின்ற எவருக்கும் தெரியும்: கிடைத்த வண்டியில் ஏற்றி, எல்லோரையும் ஒரே மருத்துவமனைக்குக் கொண்டுவருவார்கள். முதலில் வந்து சேர்வது நடக்க முடிந்தவர்கள், லேசான காயக்காரர்கள். கட்டில் எல்லாம் அவர்களால் நிரம்பிய பிறகு நிஜமாகவே சாகப்போகிறவர் ஸ்ட்ரெச்சரில் வந்து வராந்தாவில் கிடப்பார். பாஸ்டனில் இது நடக்கவில்லை. யாரை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்று சம்பவ இடத்திலேயே ஆள் நின்று பிரித்தார்கள். மாசசூசெட்ஸ் ஜெனரல், பிரிகாம், பெத் இஸ்ரேல், பாஸ்டன் மெடிக்கல் சென்டர், டஃப்ட்ஸ், குழந்தைகள் மருத்துவமனை என்று சுமை பரவியது. மிக மோசமான நிலையில் இருந்த சுமார் 30 பேர் 20 நிமிடத்துக்குள் அந்தத் தெருவைவிட்டுப் போய்விட்டார்கள். எந்த ஒரு மருத்துவமனையும் மூச்சுத்திணறவில்லை.

இது அன்றைக்குத் தோன்றிய யோசனை இல்லை. 2011இலும் 2012இலும் அந்த நகரம் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மருத்துவமனை எல்லாம் சேர்ந்த பெரிய ஒத்திகைகளை நடத்தியிருந்தது. இப்படிப்பட்ட வெடிப்புகளில் அனுபவப்பட்ட இஸ்ரேலிய மருத்துவர்களை மாசசூசெட்ஸ் ஜெனரல் முன்கூட்டியே அழைத்துத் தன் பேரிடர்த் திட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தது. பணம் இதற்கெல்லாம் வேண்டும்தான். ஆனால் வண்டி கிளம்பும் முன் "இவர் அங்கே, அவர் இங்கே" என்று ஒருவர் நின்று சொல்வதற்குத் தேவை முன்கூட்டிய ஒப்பந்தமும் பழக்கமும். அந்த இரண்டையும் பணக்கார ஊர்கள் மட்டும்தான் வைத்திருக்க முடியும் என்பதில்லை.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. குண்டு வெடித்த முதல் நிமிடங்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பார்வையாளர்களைத் தடுக்கப் போட்டிருந்த தடுப்புவேலிகளைப் போலீஸ்காரர்களும் தன்னார்வலர்களும் வெறுங்கையால் பிய்த்து எறிகிறார்கள். இன்னொரு குண்டு இருக்குமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. தெருவெங்கும் கேட்பாரற்ற பைகள் கிடந்தன. அப்படியும் உள்ளே போனார்கள். தொடையின் பெரிய தமனியிலிருந்து, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாயிலிருந்து, ரத்தம் பீறிடும்போது ஆளுக்கு இருப்பது சில நிமிடங்கள். எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸாக இருந்தாலும் அந்தக் கணக்குக்குள் வந்து சேராது. அந்த நிமிடங்களில் பக்கத்தில் இருப்பவர் மட்டும்தான் மருத்துவர். ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் "முடியும்". முடியும் என்பதைவிட, உங்களால் மட்டும்தான் முடியும் என்று சொல்வது சரியாக இருக்கும்.

இங்கே உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாஸ்டனைப் பற்றி இணையத்தில் உலவும் கதை ரொம்பவும் எளிமையாக இருக்கிறது. கைகாலை இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தும் பட்டையை டூர்னிக்கே என்போம். அன்றைய நோயாளிகளை ஆராய்ந்த அறுவை மருத்துவர்கள் 27 டூர்னிக்கேகள் போடப்பட்டதாகக் கணக்கெடுத்தார்கள். அத்தனையும் கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டியவை: பெல்ட், துணி, ரப்பர் குழாய். இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பிறகு ஒவ்வொரு அமெரிக்கச் சிப்பாயும் முறையான டூர்னிக்கே ஒன்றைப் பையில் வைத்திருந்த காலத்தில், சொந்த நாட்டின் தெருவில் அது இல்லை. கதையில் வருவதுபோல இந்த 27 கட்டுகளும் 27 உயிரைக் காப்பாற்றினவா? அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வை எழுதியவர்களே இவற்றில் பல சரியாக வேலை செய்திருக்காது என்று கவலைப்பட்டார்கள். காரணம் எளிது. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை மேலோட்டமாக, அழுத்தம் குறைவாக ஓடும். தமனி ஆழத்தில், அழுத்தம் அதிகமாக ஓடும். அரைகுறையாக இறுக்கினால் சிரை அடைபடும், தமனி அடைபடாது. ரத்தம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், திரும்ப வழி இல்லாமல் காயத்தின் வழியே இன்னும் வேகமாகக் கொட்டும். தளர்ந்த கட்டு, கட்டே இல்லாததைவிட மோசம்.

சரியாகப் போட்டால் என்ன பலன் என்பதற்குப் பாக்தாதில் இருந்த ராணுவ மருத்துவமனை ஒன்றின் கணக்கு இருக்கிறது. ரத்த இழப்பால் உடல் அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன் டூர்னிக்கே போடப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்தார்கள். போன பிறகு போடப்பட்டவர்களில் பத்துக்கு ஒருவர். தாமதமாகப் போடப்பட்டவர்கள் ஏற்கெனவே மோசமாக இருந்தவர்கள் என்பதால் இந்த வித்தியாசம் முழுவதையும் பட்டையின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுவது பெரியது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், பொதுமக்களுக்கே இதைக் கற்றுத்தர வேண்டும் என்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் அறுவை மருத்துவர்களும் காவல் துறையினரும் கூடிப் பேசத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் கூட்டம் நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் பாஸ்டன் நடந்தது. 2015 அக்டோபரில் 'ஸ்டாப் த பிளீட்' (ரத்தப்போக்கை நிறுத்து) என்ற இயக்கம் அதிலிருந்துதான் வந்தது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் உங்களுக்கு ஆபத்து இல்லை என்று பாருங்கள். சுட்டுக்கொண்டிருக்கும் ஆள் எதிரே இருந்தால் ஓடுங்கள். பிறகு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பேன்ட்டைக் கிழித்தால்தான் தெரியும், வெட்கப்படாமல் கிழியுங்கள். சுத்தமான துணியை, சுத்தமானது இல்லையென்றால் இருக்கும் துணியை, காயத்தின் மேல் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் உங்கள் முழு எடையையும் போட்டு அழுத்துங்கள். குழியாக இருந்தால் துணியை உள்ளே திணித்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி தூக்கிப் பார்க்காதீர்கள். பெரும்பாலான காயங்களுக்கு இது போதும். கையோ காலோ துண்டாகியிருந்தால், அல்லது அழுத்தியும் பீறிட்டால், காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டில் படாமல், இரண்டு அங்குல அகலமாவது இருக்கும் பட்டையைக் கட்டி, முடிச்சுக்குள் ஒரு குச்சியோ ஸ்பேனரோ செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். காயம்பட்டவர் வலியில் கத்துவார். கத்தட்டும். சரியாகப் போட்ட கட்டு வலிக்கத்தான் செய்யும். போட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள், மருத்துவமனைவரை அவிழ்க்காதீர்கள். கால் செத்துவிடுமே என்று பயந்து நடுவழியில் தளர்த்துகிறார்கள். இரண்டு மணி நேரம்வரை அப்படிப் பயப்படத் தேவையில்லை. கழுத்திலும் வயிற்றிலும் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. குத்தி நிற்கும் இரும்பைப் பிடுங்கக் கூடாது. அதுவே அடைப்பாக இருக்கக்கூடும்.

செய்யக் கூடாதது என்று நான் வழக்கமாகப் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். காயத்தில் காபித்தூளை அப்பிக்கொண்டு வருவார்கள், மஞ்சளை அப்பிக்கொண்டு வருவார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் தியேட்டரில் அந்தத் தூளைச் சதையிலிருந்து கழுவி எடுப்பதற்கே தனி நேரம் ஆகும், தமனியிலிருந்து வரும் ரத்தமும் அதனால் நிற்காது. இன்னொன்று மெல்லிய கயிறு. சணல் கயிற்றால் தொடையைக் கட்டினால் அது தோலை அறுக்கும், தமனியை அடைக்காது. தோளில் கிடக்கும் துண்டோ துப்பட்டாவோ கயிற்றைவிட எவ்வளவோ மேல்.

சம்பவத்துக்குப் பிறகு வந்த மணிகளிலும் நாள்களிலும் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் என் தொழிலோடு சம்பந்தப்பட்ட இரண்டைச் சொல்கிறேன். ஒன்று அடையாளம். கை நிறையப் பொருள்களோடு வந்தவர்கள், பை ஒருபக்கம் ஆள் ஒருபக்கமாகச் சிதறினார்கள். நினைவில்லாமல் வந்தவர்களுக்கு மருத்துவமனை தற்காலிகப் பெயர் கொடுத்துத்தான் சிகிச்சை தரும். இறந்த ஓர் இளம்பெண்ணின் அடையாள அட்டை அவருடைய தோழியிடம் இருந்தது. தோழி பலத்த காயத்தோடு மருத்துவமனையில். உங்கள் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. பல மணி நேரம் காத்திருந்து அப்பா உள்ளே போய்ப் பார்த்தபோது படுக்கையில் இருந்தது வேறு பெண். மருத்துவ ரீதியாக எல்லாம் சரியாக நடந்த ஒரு நாளில் இந்தக் கொடுமையும் நடந்தது. கூட்டத்துக்குப் போகும்போது சொந்த அடையாளம் சொந்தச் சட்டைப்பையில் இருக்கட்டும், மற்றவர் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, வதந்தி. "சந்தேகத்துக்குரிய பயங்கரவாதத் தாக்குதல்" என்று செய்தியில் வரும்போது அந்த 'சந்தேகத்துக்குரிய' என்பதை மழுப்பல் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று பிற்பகல் அதே நகரிலிருக்கும் ஜான் கென்னடி நினைவு நூலகத்தில் தீப்பிடித்தது. அதுவும் குண்டாக இருக்கலாம் என்று முதலில் போலீஸ் தரப்பிலேயே சொல்லப்பட்டது. பிறகு அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. முதல் நாள் பேசிய அதிபர் ஒபாமா பயங்கரவாதம் என்று சொல்லவில்லை, மறுநாள்தான் சொன்னார். காயம்பட்டுப் படுக்கையில் கிடந்த ஒரு வெளிநாட்டு மாணவரைக் குற்றவாளிபோல ஊடகங்கள் எழுதின; அவர் பாதிக்கப்பட்டவர் மட்டுமே. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து இணையத்தில் ஆள்தேடியவர்கள், ஏற்கெனவே காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று அறிவித்து, தேடித் தவித்துக்கொண்டிருந்த அவருடைய குடும்பத்தைத் துரத்தினார்கள். அவருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விசாரணையை நகர்த்தியவை கையில் கிடைத்த தடயங்கள். கூரைமேல் போய் விழுந்த குக்கர் மூடி, கடைகளின் கேமரா பதிவுகள். நோயாளிகளின் உடலிலிருந்து எடுத்த ஆணிகளையும் இரும்புமணிகளையும்கூட அறுவை மருத்துவர்கள் பத்திரப்படுத்தி அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயிடம் கொடுத்தார்கள். அந்தத் தெரு ஒன்பது நாள் கழித்து ஏப்ரல் 24இல்தான் மறுபடி திறந்தது. முதல் மணி நேரத்தில் உங்கள் வாட்ஸ்அப்பில் வரும் படத்தை அனுப்பாமல் இருப்பதும் ஒரு முதலுதவிதான் என்று நான் மனதாரச் சொல்வேன்.

தப்பியவர்களின் கதை மருத்துவமனை வாசலில் முடிந்துவிடவில்லை. கால் சிதைந்தவர்களுக்கு முதல் நாள் ஆபரேஷன் ரத்தத்தை நிறுத்தி, செத்த சதையை எடுத்து, காயத்தைத் திறந்தே விடுவதோடு முடியும். பிறகு ஓரிரு நாளுக்கு ஒருமுறை திரும்பத் தியேட்டர். செயற்கைக் கால், அதற்கேற்ற பயிற்சி, சில வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவது என்று வாழ்நாள் முழுக்கச் செலவு. அதற்காகத் தொடங்கிய 'ஒன் ஃபண்ட்' நிதியில் இரண்டரை மாதத்துக்குள் சுமார் 6 கோடி டாலர் சேர்ந்தது. இறந்தவர் குடும்பங்களுக்கும் இரண்டு கால்களை இழந்தவர்களுக்கும் தலைக்குச் சுமார் 22 லட்சம் டாலர் கிடைத்தது. காதில் ஓயாத இரைச்சலோடு இருப்பவர்களுக்கு, வெளியே ஊனம் தெரியாதவர்களுக்கு, கிடைத்தது மிகக் குறைவு. பணம் என்று நீங்கள் கேட்டதற்கு நியாயமான பதில் இங்கேதான் இருக்கிறது என்பேன்: அன்று உயிர் பிழைத்ததில் பணத்தின் பங்கைவிட, அதற்குப் பிறகு வாழ்ந்ததில் அதன் பங்கு பெரிது.

நம்மூரில் ஒருவர் கைவைக்கத் தயங்குவதற்குப் பெரிய காரணம் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்ற பயம். சாலை விபத்துகளைப் பொறுத்தவரை அந்தப் பயம் இனி வேண்டாம். 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. பெயர் சொல்லக்கூட உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 108ஐக் கூப்பிடும்போது எத்தனை பேர், யாருக்காவது ரத்தம் நிற்காமல் போகிறதா, வண்டி எந்தப் பக்கமாக உள்ளே வர முடியும் என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.

டூர்னிக்கே ஒன்று வாங்கி வண்டியில் வைக்கலாமா என்று அடுத்து நீங்கள் கேட்கலாம். வைக்கலாம், நல்லது. மலிவு விலையில் இணையத்தில் வரும் போலிகளில் முறுக்குக் கம்பி நிஜமாக இறுக்கும்போது உடைந்துவிடுகிறது. அதனால் மருத்துவ உபகரணக் கடையில் விசாரித்து வாங்குங்கள். வாங்கியதும் உறையைப் பிரித்து உங்கள் சொந்தத் தொடையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பாதத்தின் மேல்புறம் துடிக்கும் நாடியில் இன்னொருவரை விரல் வைக்கச் சொல்லி, அது நிற்கும்வரை முறுக்கி, நின்றதும் அவிழ்த்துவிடுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது எழுத்தில் சொல்லிப் புரியாது, அந்த ஒருமுறையில் புரிந்துவிடும்.